பதினான்கு கையெழுத்து

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு இருபத்திரண்டு வருட வேலையில் லிஃப்டைக் கண்டு பயம் வந்ததே இல்லை. அந்தப் புதன்கிழமை வந்தது. அதுவும் லிஃப்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தபோது வரவில்லை. மொட்டைமாடி இயந்திர அறையின் சிமெண்ட் தரையில் இரண்டு காலையும் ஊன்றிப் பத்திரமாக நின்றிருந்தபோது வந்தது.

ஏழு மாடிக் கட்டடம். மாடிக்கு இரண்டு வீடு, மொத்தம் பதினான்கு. வருடாந்தரச் சோதனைக்கு வந்திருந்தார். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லிஃப்ட் பெட்டியை நான்கு இரும்புக் கயிறுகள் தாங்குகின்றன. அவை அறுந்தால், பெட்டியின் அடியில் வலம் ஒன்று இடம் ஒன்றாக இருக்கும் பிடிகள் பக்கத்துத் தண்டவாளங்களைக் கவ்விக்கொண்டு பெட்டியை நிறுத்த வேண்டும். ஆளில்லாத பெட்டியை மெதுவாக இறக்கி, கயிறு அறுந்துவிட்டதுபோல் அந்தப் பிடிகளை ஏமாற்றிப் பார்ப்பார்கள். வலது பிடி கவ்வியது. இடது பிடி அசையவில்லை. பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, கிறீச்சிட்டுக்கொண்டே இன்னும் ஒரு முழம் இறங்கி நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் அதே கதைதான். பழைய துணி ஒன்றை எடுத்துக் கயிறுகளைத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது கயிற்றில் துணி சிக்கிக்கொண்டது. அறுந்த கம்பிகள் முள்முள்ளாக எழும்பி நின்றன.

இனிச் செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. மெயின் சுவிட்சை இறக்கி, கம்பி கட்டி, ஈய முத்திரை வைத்து, மாடிக்கு ஒரு சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். முத்திரை பையில்தான் இருந்தது. பையில் கையை விட்ட நேரத்தில் படியேறி இரண்டு பேர் மூச்சிரைக்க வந்தார்கள். ஒருவர் கட்டடச் சங்கத்தின் செயலாளர். இன்னொருவர் ஆறாவது மாடியில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், இன்ஸ்பெக்டரின் இருபது வருட நண்பர்.

"மூடப்போறியா?" என்றார் கடைக்காரர்.

"இடது பிடி செத்துப்போச்சு. ஒரு கயிறு பிரிஞ்சிருக்கு."

"இன்னும் மூணு கயிறு இருக்கே."

"இருக்கு. நாலும் ஒரே நாள்ல மாட்டின கயிறு."

செயலாளர் குறுக்கே வந்தார். "எங்களுக்குத் தெரியும் சார். கம்பெனி மெக்கானிக் போன வாரமே சொல்லிட்டார். சாமான் வர மூணு வாரம் ஆகுமாம். அதான் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்த லிஃப்டில் உள்ள ஆபத்தை நாங்கள் முழுவதும் அறிவோம். அறிந்தே, எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் இதைப் பயன்படுத்துகிறோம். எது நேர்ந்தாலும் பொறுப்பு எங்களுடையது." கீழே பதினான்கு கையெழுத்து.

"வாசகம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?" என்றார் கடைக்காரர். அவர் சிரிக்கவில்லை.

கேட்ட மாதிரி என்ன, அது இன்ஸ்பெக்டரே எழுதியது. இரண்டு வருடம் முன்பு சனிக்கிழமை வட்டத்தில் அவர் வாசித்த கட்டுரையில் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை வட்டம் என்பது ஏழெட்டுப் பேர். கண்ணாடிக் கடையின் மேல்மாடி அறையில் பதினோரு வருடமாகக் கூடுகிறார்கள். ஆஸ்திரியச் சிந்தனை என்று சொல்லப்படும் பொருளாதாரத்தைப் படித்துப் பேசி அடித்துக்கொள்வதுதான் வேலை. ஒரு பொருளின் மதிப்பு அந்தப் பொருளில் இல்லை, வாங்குகிறவன் மனதில் இருக்கிறது; ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் அறிவை எந்த அலுவலகமும் ஒரு மேசைமேல் கொண்டுவந்து குவிக்க முடியாது; மற்றவனை வற்புறுத்தாதவரை மனிதன் தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளட்டும். இதுவரை எல்லோரும் ஒரே கட்சி. அதற்கு மேல் போனால் சண்டை. காவலும் கோர்ட்டும் மட்டும் வைத்துக்கொண்ட சின்ன அரசு போதும் என்பார் வக்கீலம்மா. அதுவும் எதற்கு என்பார் போன வருடம் வந்து சேர்ந்த ஒருவர். சரக்குக் கப்பல்களுக்குக் காப்பீடு போடும் கம்பெனியில் வேலை. எந்தப் பேச்சையும் "சுத்தமான கொள்கைன்னு பார்த்தா" என்று ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு 'சுத்தம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் இன்றைக்கே எல்லா அரசு அலுவலகமும் மறைந்துவிடும் என்றால் அமுக்குவீர்களா என்று ஒருமுறை சுத்தம் வட்டத்தைக் கேட்டார். "அமுக்குவேன். லிஃப்ட்ல இருக்கிறவங்க இறங்க ஒரு நிமிஷம் கொடுத்துட்டு," என்றார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் சிரித்தார்கள். சுத்தம் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அடுத்த மாதமே ஒரு கேள்வியைக் கிளப்பினார்: அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு முத்திரையும் கையுமாக அலையும் ஒருவர் இந்த வட்டத்தில் உட்காரலாமா? பேச்சு இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு விவாதம் நடத்துவது என்று முடிந்தது. 'லிஃப்ட் பாதுகாப்புக்கு அரசு தேவையா?' தேவையில்லை என்று இன்ஸ்பெக்டர் பேச வேண்டும். வருகிற சனிக்கிழமை. அதை நினைத்து ஏற்கெனவே பத்து நாளாக அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இப்போது இந்தத் தாள் வேறு.

"யோசிச்சுப் பாரு," என்றார் கடைக்காரர். "என் அண்ணனுக்கு ஒரு கால் வராது. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஆறு மாடி நாற்காலியில வச்சுத் தூக்கணும்னா நாலு ஆள் வேணும். நடுப்படியில மூச்சு முட்டினா? உன் ஃபார்ம்ல இதுக்குக் கட்டம் இருக்கா? எது பெரிய ஆபத்துன்னு இங்க குடியிருக்கிறவனுக்குத்தான் தெரியும், ஆபீஸ்ல இருக்கிறவனுக்குத் தெரியாதுன்னு பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கிறது யாரு, நானா?"

இன்ஸ்பெக்டர் சுற்றி வளைத்து ஒன்றைப் பிடித்தார். "கையெழுத்துப் போடாதவங்க ஏறினா? மூணாவது மாடியில டியூஷன் நடக்குதே. அந்தப் பிள்ளைங்க?"

"சாவி போட்டுடலாம்," என்றார் செயலாளர் உடனே. "கீழ ஒரு சாவி சுவிட்ச். வீட்டுக்கு ஒரு சாவி. சாவி இல்லாதவங்க ஏறவே முடியாது. சாயங்காலத்துக்குள்ள எலக்ட்ரீஷியன் மாட்டிடுவார்."

அந்தச் சாவி யோசனை வாயில் சர்க்கரை போட்டதுபோல இருந்தது. சம்மதித்தவனுக்கு மட்டும் வழி, மற்றவனுக்குத் தடை. இதைவிட நேர்மையாக எந்தச் சட்டம் செய்துவிடும்? ஃபார்மை எடுத்து, 'சோதனை முழுமை பெறவில்லை. திங்கட்கிழமை மறுசோதனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் பொய் இல்லை. உண்மையும் இல்லை. முத்திரை பைக்குள்ளேயே கிடந்தது. கீழே வர லிஃப்ட் காத்திருந்தது. அவர் படியில் இறங்கினார். 

மறுநாள் வியாழக்கிழமை. கடைக்காரரின் அண்ணனுக்கு டயாலிசிஸ் நாள். ஒன்பது மணிக்கு இறக்குவார்கள், இரண்டு மணிக்கு ஏற்றுவார்கள் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அலுவலகத்தில் ஒரே கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தார். ஒரு தடவை ரப்பர் ஸ்டாம்ப் விற்பவர். ஒரு தடவை தவறான எண். இரண்டு மணிக்கு மறுபடி அதே பாடு. சனிக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று காகிதத்தை இழுத்தார். 'காப்பீட்டுக் கம்பெனிகள் தங்கள் லாபத்துக்காகவே கவனமாகச் சோதிக்கும்' என்று எழுதினார். அடுத்த வரி வரவில்லை. இடது பிடியின் படத்தை ஓரத்தில் வரைந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் அவர் மனைவி தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைத்து உறை போடுவது அவள் வேலை. ஒரு கருவி கணக்கில் குறைந்தால் வீட்டுக்கு வராத ரகம்.

"சாப்பாட்டுல கல்லா?"

"இல்லையே."

"அப்ப ஏன் கல்லைக் கடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

சொன்னார். சாவி யோசனையைக் கொஞ்சம் கூடுதலாகவே மெருகேற்றிச் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீங்க அதுல ஏறுவீங்களா?"

"நான் எதுக்கு ஏறணும், நான் அங்க குடியில்லையே."

"அது சரி," என்றாள். எழுந்துபோய்க் குழம்புப் பாத்திரத்தை மூடி வைத்தாள். 

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வேறொரு கட்டடத்துக்குப் போக வேண்டியவர், பாதி வழியில் பேருந்திலிருந்து இறங்கி இங்கே வந்துவிட்டார். சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். தரைத்தளத்தில் புதுச் சாவி சுவிட்ச் பளபளவென்று இருந்தது. அதில் சாவி செருகியிருந்தது. எடுத்துப் போய்விடக்கூடாது என்று சாவியை ஒரு சணல் கயிற்றால் சுவரிலிருந்த ஆணியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் கதவு திறந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் காலி கேன்களோடு வெளியே வந்தார். அவர் பின்னாலேயே டியூஷன் பிள்ளைகள் ஐந்து பேர், புத்தகப் பையோடு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு.

செயலாளரின் வீடு தரைத்தளத்துக்கு அடுத்த மாடி. கூப்பிட்டதும் இறங்கி வந்தார்.

"என்னங்க இது?"

"என்ன சார் பண்றது. தண்ணி கேன் போடுறவர் கேட்டார். அவர் மேல கொண்டுபோகலைன்னா யாருக்கும் தண்ணி இல்லை. டியூஷன் டீச்சர் அவங்க சாவியைப் பிள்ளைங்ககிட்ட கொடுத்தாங்க. அது தொலைஞ்சுபோச்சு. ஆளாளுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நல்ல மனசுலதான் கட்டிவிட்டேன்."

அவர் சொன்னதில் சூது இல்லை. அதுதான் இன்ஸ்பெக்டருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. சுவரில் அந்தப் பதினான்கு கையெழுத்துத் தாளின் நகல் ஒட்டியிருந்தது. அதை உரித்து எடுத்துக்கொண்டு படியேறினார். மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நாளைக்குக் காலையில் கடைக்காரரின் அண்ணனுக்கு மறுபடி டயாலிசிஸ். அந்த அண்ணன் வாயால், "திறந்தே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். சாவிக்கு ஒரு காவலாளியைப் போடச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமைவரை ஓட்டிவிடலாம்.

ஆறாவது மாடியில் கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முப்பது வருடம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவர். இன்றைக்கும் கையில் பென்சில் இல்லாமல் எதையும் படிக்க மாட்டார்.

"வாங்க இன்ஸ்பெக்டரே. படியில வந்தீங்க போல. மூச்சு எனக்கு வர்ற மாதிரி வருது உங்களுக்கு."

இன்ஸ்பெக்டர் தாளைக் கொடுத்தார். "நீங்க இதைப் பார்த்தீங்களா அண்ணே?"

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பென்சில் தன்பாட்டில் ஓர் இடத்தில் ஒரு புள்ளி வைத்தது. பிறகு கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தப்பா இருக்கிறது சட்டுன்னு கண்ணுல படும். விட்டுப்போனதைப் பிடிக்கிறதுதான் எங்க தொழில்ல கஷ்டம்," என்றார். "வீட்டுக்கு ஒரு கையெழுத்து. இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் இருக்கோம்னு நினைக்கிறீங்க? இங்க உட்கார்ந்து எண்ணுறதைத் தவிர எனக்கு வேற வேலை இல்லை. அம்பத்திரண்டு. சனிக்கிழமை ஆனா தனிமனுஷன் தனிமனுஷன்னு பேசிட்டு வருவான் என் தம்பி. இதுல தனிமனுஷனைக் காணோமே. வீடுதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். புதன்கிழமை அதைக் கையில் வாங்கிப் படித்தும் அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. எழுதிய வாசகத்தின் அழகையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்களைக் கேட்கலையா?"

"எதுக்குக் கேட்கணும். எனக்காகத்தானே பண்றான்."

"இப்ப நான் கேட்கிறேன்."

அண்ணன் பென்சிலை விரல்களுக்கு நடுவே உருட்டினார்.

"நேத்து இறங்கும்போது ஒரு உதறு உதறுச்சு. பெரிசா ஒண்ணும் இல்லை. தம்பி கை என் தோள்மேல இருந்தது. அது நடுங்கிச்சு. ரெண்டு பேரும் கீழ போற வரைக்கும் பேசலை. டயாலிசிஸ் மெஷின்ல நாலு மணி நேரம் படுத்திருந்தப்ப, ரத்தத்தைப் பத்தி நினைக்கலை. திரும்பி அதுல ஏறணுமேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன பண்ணுவான்? கடையைச் சாத்திட்டு நாலு ஆளைத் தேடி அலைவான். ஏற்கெனவே எனக்காக அவன் விட்டது போதும். கல்யாணம் உட்பட." அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கேட்டதால சொல்றேன். மூடிடுங்க. ஆனா நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லக்கூடாது. அது உங்க பொறுப்பு."

இன்ஸ்பெக்டர் மேலே போனார். பெட்டி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கீழே கத்திக் கேட்டுவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினார். கம்பியைக் கோத்து முறுக்கினார். முத்திரையை வைத்து அழுத்தினார். மாடி மாடியாகச் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு இறங்கினார். நான்காவது மாடியில் கடைக்காரர் எதிரே ஏறி வந்தார். செயலாளர் தகவல் சொல்லியிருக்க வேண்டும். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ்."

"தெரியும். சாவியைச் சுவத்துல கட்டி வச்சிருக்காங்க. சின்னப் பிள்ளைங்க ஏறி இறங்குறாங்க."

"சாவிக்கு ஆள் போட்டிருக்கலாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களுக்கு எது நல்லதுன்னு கடைசியில நீதான் முடிவு பண்ணியா? உன் ஆபீஸ் பண்ற வேலைதானே இது?"

இன்ஸ்பெக்டரின் தொண்டை வரை வந்தது. உன் அண்ணன்தான் சொன்னார். மூன்று சொல். சொல்லிவிட்டால் இந்தப் பேச்சு அந்த நிமிடமே நின்றுவிடும். விழுங்கினார்.

"நாளைக்குக் காலையில தூக்க நான் வர்றேன்."

"நீ வர வேண்டாம்."

"எட்டு மணிக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டு மிச்சத் தாளை ஒட்டப் போனார்.

வந்தார். கடைக்காரர் பேசவில்லை, போகச் சொல்லவும் இல்லை. செயலாளர் ஒரு பக்கம். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒரு பக்கம். முதுகு உயர்ந்த மர நாற்காலியில் அண்ணனை உட்காரவைத்து இடுப்பிலும் மார்பிலும் பெல்ட் போட்டார்கள். மாடிக்குப் பதினெட்டுப் படி, ஆறு மாடிக்கு நூற்றெட்டு. இன்ஸ்பெக்டர் முன்பக்கம் இடதுகாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபடி இறங்கினார். ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அண்ணனின் மூச்சு விசிலடிப்பதுபோல் ஆனது. உதடு வெளிறிப்போனது. கீழே வைத்தார்கள். கடைக்காரர் மண்டியிட்டு அவர் நெஞ்சைத் தடவினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாம்தான் கொன்றுவிட்டோமோ என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். நான்கு நிமிடம் கழித்து அண்ணன் கண்ணைத் திறந்து, "பல்லக்குல போறவங்க எப்படித்தான் தூங்கினாங்களோ," என்றார். மறுபடி தூக்கினார்கள். மருத்துவமனைக்கு அரை மணி நேரம் தாமதம். நர்ஸ் திட்டினாள். நால்வரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்று வாங்கிக்கொண்டார்கள்.

மதியம் அதே நூற்றெட்டுப் படி தூக்கி ஏற்றிவிட்டு வந்தால், மாலை நான்கு மணிக்கு விவாதம். கண்ணாடிக் கடையின் மேல்மாடி அறை திறந்திருந்தது. நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. கடைக்காரர் வழக்கமாக முன்வரிசையில் இருப்பவர், இன்றைக்குக் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டரின் தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. குறிப்புத் தாளை எடுக்கவே இல்லை.

"தேவையில்லைன்னு பேசத்தான் ஒத்துக்கிட்டேன்," என்றார். "ஆனா முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்." புதன்கிழமையிலிருந்து சொன்னார். அண்ணனோடு பேசியதை மட்டும் தாண்டிக்கொண்டு போனார். "நான் ஒரு தனியார் சோதனைக் கம்பெனி ஆளா இருந்தா புதன்கிழமையே மூடியிருப்பேன்னு தோணுது. அந்தக் கட்டடத்துல ஒருத்தர் விழுந்தா கம்பெனி பேர் போயிடும், வேலை போயிடும். என்னை யாரு என்ன பண்ண முடியும்? ஒரு மெமோ வரும். அதனாலதான் சிநேகிதத்துக்காக ரெண்டு நாள் விட்டுட்டேன். இது நம்ம பக்கத்துக்கு நல்ல வாதம். சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு."

"கம்பெனியைக் கூப்பிடுறதே கட்டடம்தானே?" என்றார் வக்கீலம்மா. "மூடுற கம்பெனியை விட்டுட்டு மூடாத கம்பெனியைத் தேடிப் போவாங்க. அப்ப?"

"காப்பீட்டுக்காரன் அந்த மாதிரி கம்பெனியோட சான்றிதழை ஏத்துக்க மாட்டான்னுதான் நம்ம பதில். ஏத்துப்பானா மாட்டானான்னு எனக்கு உண்மையா தெரியலைம்மா."

சுத்தம் எழுந்தார். "சுத்தமான கொள்கைன்னு பார்த்தா, கேள்வி அது இல்லை. பதினாலு பேர் தெரிஞ்சே ஒத்துக்கிட்ட ஒப்பந்தம். அதை ஒருத்தர் அரசாங்க முத்திரையால உடைச்சார். அதுக்குப் பேர் பலவந்தம். நல்ல எண்ணமா கெட்ட எண்ணமாங்கிறது வேற விஷயம்."

"அங்க இருக்கிறது அம்பத்திரண்டு பேர் சார். மிச்சம் முப்பத்தெட்டு பேரை யாரும் கேட்கலை. நானும் கேட்கலை. தண்ணி கேன்காரரையும் பிள்ளைங்களையும் சேர்க்காமலே இந்தக் கணக்கு."

பின்னாலிருந்து கடைக்காரரின் குரல் வந்தது. "எங்க வீட்டுல ரெண்டே பேர். ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் போட்டேன். அவருக்காகத்தான் போட்டேன்."

சுத்தம் திரும்பினார். "அவரைக் கேட்டீங்களா?"

"அண்ணன்கிட்ட இதையெல்லாம் போய்க் கேட்பாங்களா?"

"கேட்கலைன்னா அது சம்மதம் இல்லை," என்றார் சுத்தம். குத்திக்காட்டுகிற தொனி இல்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைச் சொல்கிற குரல். "அப்ப அந்தத் தாள் செல்லாது. சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அதுக்காக முத்திரை சரின்னு ஆகாது. ஆனா தாள் செல்லாது."

கடைக்காரர் எழுந்து கீழே கடைக்குப் போய்விட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டபடியே கணக்குப் போட்டார். இப்போது போய் அண்ணனைக் கேட்பார். அண்ணன் என்ன சொல்வார்? மறைத்தால் மூடிய இன்ஸ்பெக்டர்தான் கெட்டவர். சொன்னால், தன் தம்பியிடம் சொல்லாததை இவரிடம் சொன்னதாக ஆகும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது. விவாதம் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓடியது. யார் ஜெயித்தது என்று ஓட்டெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அரசாங்கச் சம்பளக்காரர் வட்டத்தில் உட்காரலாமா என்ற பழைய கேள்வியைச் சுத்தமே மறந்துவிட்டார். ஒரு வீட்டுக்குள் யார் யாருக்காகச் சம்மதிக்கலாம் என்பதுதான் அடுத்த சனிக்கிழமைத் தலைப்பு என்று அறிவித்துவிட்டு, அதற்குப் படிக்க வேண்டியதை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் அறிக்கையில் புதன்கிழமை குறையைக் கண்டதையும் வெள்ளிக்கிழமை மூடியதையும் அப்படியே எழுதி மேலதிகாரி அம்மாவிடம் கொடுத்தார்.

"யாருக்காவது அடிபட்டுதா?" என்றார் அவர்.

"இல்லை மேடம்."

"அப்ப எதுக்கு இதை எழுதி உங்க தலையிலயும் என் தலையிலயும் மண்ணைப் போட்டுக்கறீங்க? சோதனை வெள்ளிக்கிழமைன்னு மாத்தி எழுதிக் கொண்டுவாங்க."

"இருக்கட்டும் மேடம். நடந்தது புதன்கிழமை."

அந்த அம்மாள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு நாளில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஊரின் அந்தப் பகுதி அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கொடுக்கப்பட்டது. மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். அன்றைக்கு அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் காலையும் மதியமும் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்த் தூக்கினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஓய்வு. கடைக்காரர் அதுவரை, "பிடி", "மெதுவா", "படி" என்ற மூன்று சொல்லைத் தவிர அவரிடம் பேசவில்லை. விவாதம் முடிந்த ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, அண்ணனை மருத்துவமனைப் படுக்கையில் விட்டுவிட்டு வெளியே வந்தபோது பேசினார்.

"கேட்டேன்."

இன்ஸ்பெக்டர் நின்றார். "எப்ப?"

"அன்னிக்கே. நாலு நாள் மழுப்பினார். நேத்துதான் சொன்னார். உன்கிட்ட சொன்னதையும் சொன்னார்." கடைக்காரர் மருத்துவமனை வாசலில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தபடியே இருந்தார். "படியில நான் அவ்வளவு பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயை மூடியிருப்பேன்."

"சொல்லக்கூடாதுன்னார்."

"அதான் எனக்கு ஆத்திரம். உன்மேல இல்லை. என் கை நடுங்கினதை அவர் பார்த்திருக்கார். நான் பயந்ததை அவருக்குத் தெரியாம மறைச்சேன். அவர் பயந்ததை எனக்குத் தெரியாம மறைச்சார். நடுவுல நான் ஊருக்கே சுதந்திரம் எழுதிக் கொடுத்துட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் டீ குடிக்கலாமா என்று கேட்டார். கடைக்காரர், கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா இல்லையா என்று புரியாமல் இன்ஸ்பெக்டர் அன்று முழுவதும் அதையே உருட்டிக்கொண்டிருந்தார்.

இருபதாவது நாள் சாமான் வந்தது. புதுக் கயிறு நான்கு, புதுப் பிடி இரண்டு. ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்துப் புது இன்ஸ்பெக்டர் வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"லிஃப்ட் திறந்தாச்சு. அண்ணன் ஏற மாட்டேங்கறார். சான்றிதழைக் காட்டினேன். பென்சிலால ரெண்டு பிழை திருத்திக் கொடுத்துட்டார். நீ வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லு."

"அது இப்ப என் ஏரியா இல்லையே. நான் பார்த்தா செல்லாது."

"உன் கையெழுத்து யாருக்கு வேணும்? பார்த்துட்டு அவர்கிட்ட வாயால சொல்லு. அதுக்கப்புறம் ஏறுறதும் ஏறாததும் அவர் பாடு."

இன்ஸ்பெக்டர் ஒரு பழைய துணியையும் டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டார். விடுமுறை நாளில் எங்கே என்று மனைவி கேட்டதற்கு, "கயிறு பார்க்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.